சோர்வு அவிசுவாசமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். வேலைக்குப் போகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பும் பாடகர் குழுவும் என் பொறுப்பில் இருக்கின்றன. சில மாதங்களாக உடம்பும் மனசும் ஓய்ந்துபோய்விட்டன. ஜெபிக்க முழங்காலிட்டால் தூங்கிவிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருவதில்லை. ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று அழைத்து, இளைப்பாறுதல் தருவேன் என்று இயேசு சொன்ன வசனம் மனப்பாடம். அதில் சொன்ன இளைப்பாறுதல்தான் வரவில்லை. ‘விசுவாசம் குறைந்தால்தான் சோர்வு வரும், தினமும் இன்னும் ஒரு மணி நேரம் ஜெபி’ என்கிறார் எங்கள் ஜெபக்குழுவை நடத்துபவர். அவர் சொல்வது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரி,

சரியில்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வேதாகமத்தில் சோர்ந்துபோன ஒருவரிடம் கர்த்தர் அப்படிப் பேசவில்லை.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தேவனின் 450 தீர்க்கதரிசிகளுக்கு முன்னால் தனியாக நின்று ஜெபிக்கிறார், வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது. விசுவாசம் குறைந்த மனிதரா அவர்? அப்புறம் ராணி யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வருகிறது. எலியா ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே’ என்கிறார். சாக வேண்டும் என்றே கேட்கிறார்.

வந்த தூதன் கண்டிக்கவில்லை, வசனம் சொல்லவும் இல்லை. தட்டி எழுப்பி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ‘சாப்பிட்டாயிற்றே, இன்னும் என்ன தூக்கம்’ என்று யாரும் கேட்கவில்லை. தூதன் இரண்டாம் தரம் எழுப்பும்போதும் சாப்பிடத்தான் சொல்கிறான். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்கிறான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். அங்கே எலியா ‘நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்’ என்று புலம்ப, பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற பதில் கிடைக்கிறது. கூடவே அவருக்குப் பின் அந்த ஊழியத்தை ஏற்க எலிசா என்ற ஆளும் கிடைக்கிறார். ‘எல்லாம் என் பொறுப்பு’ என்று எழுதும் உங்களுக்கு இது உபயோகப்படலாம்.

ஜெபத்தில் தூங்கிவிடுவதைப் பற்றி: இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் ‘துக்கத்தினாலே’ தூங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். இயேசுவே படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துப் புயலில் தூங்கியவர். முழங்காலில் தூக்கம் வந்தால் இரண்டு வரியில் ஜெபத்தை முடித்துவிட்டுப் படுங்கள். படுத்தும் தூக்கம் வராத நிலை மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

இனி நீங்கள் சொன்ன வசனம். மத்தேயு 11 அதோடு முடிந்துவிடுவதால் நாமும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். 12ஆம் அதிகாரத்துக்குள் போனால், பசித்த சீஷர்கள் வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்கிறார்கள், நியாயப்பிரமாணத்தில் கண்டிப்பான பரிசேயர் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். ஓய்வுக்கென்று கொடுத்த நாளையே ஒரு பாரமாக்கி வைத்திருந்தார்கள். இயேசு ‘பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று அழைத்தவர்களில் இப்படிப்பட்ட பாரத்தைச் சுமந்தவர்களும் உண்டு என்றே நினைக்கிறேன். இன்னும் செய், இன்னும் செய்தால்தான் தேவன் உன்னை ஏற்றுக்கொள்வார் என்கிற பாரம் அது. ஒரு மணி நேரக் கூடுதல் ஜெபம் உங்கள் விஷயத்தில் அதே வகையில்தான் சேரும்.

நுகமே இல்லாத வாழ்க்கையை அவர் வாக்களிக்கவில்லை. ‘என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்றார். அப்பாவைப் பராமரிப்பது நாளைக்கும் இருக்கும். ஆனால் அதைத் தேவனைத் திருப்திப்படுத்தச் செய்யும் வேலையாக நினைக்காமல், ஏற்கெனவே நேசிக்கப்பட்டவராகச் செய்யலாம். வேலையின் அளவு குறையாவிட்டாலும், செய்வது போதுமா என்று ராத்திரியெல்லாம் கணக்குப் பார்ப்பது குறையும். கிறிஸ்தவ விசுவாசம் தரும் இளைப்பாறுதல் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி ஒருவகைச் சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்த துறவி சாப்பாட்டு வேளைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பானாம், அறையைவிட்டு எங்காவது போய்விட நினைப்பானாம். அதற்கு அவர் சொன்ன மருந்து, இடத்தைவிட்டு அசையாமல் இருப்பது. உங்களுடையது அந்தச் சோர்வு அல்ல. நீங்கள் எதையுமே விடமாட்டேன் என்கிறீர்கள். அதனால் அந்த மருந்து உங்களுக்குப் பொருந்தாது.

மாற்கு 6இல் 5,000 பேருக்கு உணவளித்த பிறகு இயேசு என்ன செய்தார் தெரியுமா? சீஷர்களைப் படகேற்றிவிட்டு, ஜனங்களை அனுப்பிவிட்டு, தனியாக மலைக்குப் போய்விட்டார். தேவையில் இருந்தவர்கள் அன்றும் தீர்ந்துபோயிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு இரண்டில் ஒன்றைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் கொடுங்கள். உங்கள் போதகரிடம் நீங்களே கேளுங்கள், ஜெபக்குழு வழியாக வேண்டாம். அந்த வகுப்பை எடுக்க இத்தனை நாளாகத் தயங்கி நிற்கும் யாராவது சபையில் இருக்கக்கூடும்.