ரயில் ஓடாத பழைய பாதையை நடைபாதையாக மாற்ற ஊரில் எப்படிப் பணம் திரட்டுவது?

உங்கள் ஊர் ஓரமாகத் தண்டவாளம் எடுக்கப்பட்டு முள் மண்டிக் கிடக்கிற பாதையை, மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்றபடி மாற்ற ஆசைப்படுகிறீர்கள். பணத்துக்கு எங்கே போவது என்பது கேள்வி. நான் ரயில் பாதையில் வேலை செய்தவன் இல்லை. காரைக்குடிக்கு அருகே கல்லல் பக்கம் எங்கள் ஊரில் ஊருணியைச் சுற்றி நடைபாதை போடப் பணம் வசூலித்த நாலு பேரில் ஒருவன். அதில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பணம் கேட்காதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் சரி என்றதும் மறுநாளே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஒரே மாதத்தில் 110 வீடுகளில் வாங்கிவிட்டோம். அப்புறம்தான் கரையில் ஒரு துண்டு நிலம் வேறொரு துறையின் பதிவேட்டில் இருப்பது தெரிந்தது. 14 மாதம் பணம் வங்கியில் கிடந்தது. "தம்பி, பாதை எங்கப்பா?" என்று ஓர் ஆச்சி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். வேண்டாம் என்று சொன்னவர்கள் கையிலும் வைத்துவிட்டு வந்தோம். அனுமதி கிடைத்த பிறகு இரண்டாம் தடவை போனபோது ஒரு வீட்டிலும் தயங்கவில்லை என்றால், அன்றைக்குத் திருப்பிக் கொடுத்ததுதான் காரணம்.

உங்கள் விஷயத்தில் தண்டவாளம் போனாலும் நிலம் ரயில்வேயுடையதுதான். அதைச் சொந்தமாகக் கேட்டால் வேலை நகராது. குத்தகையாகவோ பயன்படுத்தும் அனுமதியாகவோ கேளுங்கள். "மறுபடி ரயில் விடுவதென்றால் திருப்பித் தருகிறோம்" என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அமெரிக்காவில் 1983இல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள். மூடிய பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்காமல் எதிர்கால ரயிலுக்காகக் காப்பாற்றி வைப்பது, அதுவரை மக்கள் நடக்கட்டும் என்பது அதன் ஏற்பாடு. இது நமக்கு வெறும் பேச்சு இல்லை. காரைக்குடி–திருவாரூர் பாதையில் 2012இல் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. இனி வராது என்று பேசியவர்கள் உண்டு. 2018இல் பட்டுக்கோட்டை வரைக்கும், 2019இல் திருவாரூர் வரைக்கும் அகலப்பாதையில் வண்டி வந்துவிட்டது. அதனால் பணம் கொடுப்பவர் "நாளைக்கு ரயில் வந்தா எங்க காசு என்னப்பா ஆகும்?" என்று நிச்சயம் கேட்பார். காங்கிரீட்டில் கொட்டாமல் சரளையும் செம்மண்ணும் போட்டு இறுக்கினால் செலவும் குறையும், அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். நியூசிலாந்தில் பழைய ரயில் தடத்தில் போட்ட ஒட்டாகோ பாதை 150 கிலோமீட்டர், அதுவும் சரளைதான்.

அந்த ஒட்டாகோவையே பாருங்கள். 1990இல் ரயில் நின்றது, 1993இல் அரசுத் துறை நிலத்தை வாங்கியது, 1994இல் ஓர் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டத் தொடங்கினார்கள், 2000இல் முழுப் பாதையும் திறந்தது. பத்து வருஷம். நிலம் முதலில், வசூல் அப்புறம். இங்கிலாந்தில் பிரிஸ்டல்–பாத் பாதையை 1979இல் ஆரம்பித்து, பகுதி பகுதியாகப் போட்டு 1986இல் முடித்தார்கள். நீங்களும் முழு நீளத்துக்கும் மதிப்பீடு போட்டு ஊரை மலைக்க வைக்க வேண்டாம். பள்ளிக்கூடமோ சந்தையோ உள்ள பக்கமாக ஒரு கிலோமீட்டரைச் சுத்தம் செய்து நடக்க விடுங்கள். நடந்து பார்த்தவர் தருவது வேறு, படத்தைப் பார்த்துவிட்டுத் தருவது வேறு.

சரி, யாரிடம் கேட்பது? எங்கள் பக்கத்தில் "ஒரு பெரியவர் கிடைத்தால் போதும்" என்று காத்திருக்கிற வழக்கம் உண்டு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அதைப் பார்த்து வளர்ந்த ஊர் அப்படித்தான் நினைக்கும். அமெரிக்காவில் பழைய ரயில் தடத்தில் போட்ட கேட்டி நடைபாதைக்கு ஒரு தம்பதி மட்டும் 22 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். கிடைத்தால் நல்லது. ஆனால் எங்களுக்குக் கைகொடுத்தது புள்ளிக் கணக்கு. நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி; புள்ளிக்கு இவ்வளவு என்று வைத்தால் வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தொகை. அதையே எல்லாச் சமூகத்துக்கும் பொதுவாக, வீட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்தோம். முடியாதவர்கள் இரண்டு நாள் கருவேலம் வெட்ட வந்தார்கள், அதையும் ஒரு புள்ளியாகவே எழுதினோம். வீட்டுக்கு வீடு பங்கு இருந்ததால் கரையில் குப்பை கொட்டுவது தானாக நின்றது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கேட்கிற நேரமும் முக்கியம். சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார்கள், அப்போது கூட்டிப்போய்ப் பாதையைக் காட்டுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிறவர்களைக் கட்டாயம் பாருங்கள். நிழலுள்ள நடைபாதையின் அருமையை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப்பணம் கையில் இருந்தால் மற்ற கதவுகள் திறக்கும். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. ரயில்வே நிலத்தில் அது செல்லுமா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளையும், அந்த நிதியை வாங்குவதற்கென மத்திய அரசிடம் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வது) ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, அதனால் வங்கி வழியாகவே வாங்குங்கள். மலேசியா, சிங்கப்பூர் உறவினர்களிடம் வாங்கும்போது கவனம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரின் பணம், சொந்த அண்ணனே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நிதி. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

பராமரிப்புக்கு மட்டும் யாரும் தானாகத் தர மாட்டார்கள். ஒரு மழைக்காலம் போதும், முள் பழையபடி வந்துவிடும். அதற்கு நாங்கள் மகமையைப் பிடித்தோம், வியாபாரிகள் வரவில் ஒரு சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் பழைய வழக்கம் அது. 17 கடைக்காரர்கள் மாதாமாதம் ஒரு சிறு தொகை எடுத்து வைக்கிறார்கள். வரவும் செலவும் ஊருணிப் படித்துறை பக்கத்துச் சுவரில் மாதம் முதல் தேதி சுண்ணாம்பில் எழுதப்படும். பாதை எங்கே என்று அன்றைக்குக் கேட்ட அதே ஆச்சி காலையில் நடக்க வரும்போது அதை ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவார்.