மேசைமேல் ஒரு கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 33 ஆண்டுகள் தபால்துறையில் வேலை பார்த்தவர், 47 நாவல்கள் எழுதியவர் ஆன்டனி ட்ரோலப் (1815–1882). எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினார் என்று சென்ற இதழில் ஒரே வரியில் சொல்லியிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். அதனால் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டோம்.

கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்கிறார்களே, உண்மையா? நாவல் எழுத உட்கார்ந்தாரா, கணக்கு எழுத உட்கார்ந்தாரா?
– வாசகர், தூத்துக்குடி

உண்மைதான். இறந்த மறு ஆண்டு, 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். காலை 5.30-க்கு மேசையில் இருக்க வேண்டும். எழுப்பிவிட்டுக் காபி கொண்டுவந்து தருவதற்காகவே, குதிரைகளைப் பார்த்துக்கொண்ட வயதான பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். வால்த்தம் கிராஸ் வீட்டில் இருந்தவரை அந்தக் காபி ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லையாம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தப் பெரியவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருப்பதாக எழுதுகிறார்.

மொத்தம் மூன்று மணி நேரம். அதில் முதல் அரை மணி பேனாவைத் தொடமாட்டார். முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார், அதுவும் சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டபடி. மிச்சம் இரண்டரை மணி, அதாவது பத்துக் கால்மணிகள். ஆக 2,500 சொல். பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்திருந்ததால் பத்துப் பக்கம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கணக்கு பயமுறுத்தும். வாரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவு சராசரியாக வாரத்துக்கு 40 பக்கம், 10,000 சொல். முழு வேகத்தில் எழுதினால் நான்கே காலைகளில் முடிந்துவிடும். அலுவல் பயணம், காய்ச்சல், விருந்தாளி எல்லாவற்றுக்கும் மூன்று நாள் கையில் இருக்கிறது. வேலை நெருக்கிய காலத்தில் வாரம் 20 பக்கமாகக் குறைத்துக்கொண்டதும் உண்டு, 112 வரை போனதும் உண்டு. தினசரி வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏழு நாளும் 2,500 என்று முடிவெடுப்பவர்கள் இரண்டாவது வாரமே நோட்டை மூடிவைத்துவிடுகிறார்கள்.

வங்கி வேலையில் இருக்கிறேன். அதிகாலையில் எழுந்து உட்கார்கிறேன், கடிகாரமும் எதிரே இருக்கிறது. முக்கால் மணி நேரம் வெறும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தப்பு?
– வாசகி, கரூர்

உட்கார்ந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறீர்கள், தப்பு அங்கேதான். ட்ரோலப்பின் கடிகாரம் எழுதுவதற்கான கடிகாரம், யோசிப்பதற்கானது அல்ல. யோசனை மிச்சமிருந்த இருபத்தொரு மணி நேரத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் வறுமையாலும் அவமானத்தாலும் ஒதுக்கப்பட்ட பையன் அவர். விளையாட்டுத் துணை கிடையாது. மனசுக்குள்ளேயே ஒரு கதையைக் கட்டி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவாராம். அதற்கு விதியும் வைத்திருந்தார்: நடக்க முடியாதது எதுவும் கதைக்குள் வரக்கூடாது. அந்தப் பழக்கம் இல்லாமல் போயிருந்தால் ஒரு நாவலும் எழுதியிருக்கமாட்டேன் என்கிறார். வயதான பிறகும், மலையடிவாரத்தில் அமைதியான இடம் வாய்த்தால் பாத்திரங்களின் துக்கத்துக்கு அழுதுகொண்டு, அவர்கள் அசட்டுத்தனத்துக்குச் சிரித்துக்கொண்டு தனியே நடந்து திரிந்திருக்கிறார். அப்படிப்பட்ட நாட்களில் எட்டுப் பக்கம் பதினாறாகும், வாரத்தில் ஐந்து நாள் வேலை ஏழு நாளாகும்.

இதை உங்கள் நாளுக்குள் கொண்டுவர இரண்டு வழி சொல்கிறோம். முதலாவது, இரவு படுக்குமுன் மறுநாள் காட்சியில் யார் யார், எந்த இடம், யாருக்கு என்ன வேண்டும் என்று மூன்றே வரி எழுதிவையுங்கள். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் அந்த ஆட்களைப் பேசவிடுங்கள். கைப்பேசியை எடுத்தால் அவர்கள் பேச்சு நின்றுபோகும். இரண்டாவது, அந்த முதல் அரை மணி. நேற்று எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். தமிழுக்கு இது இன்னும் அவசியம். ‘வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது.’ கண்ணால் படித்தால் இதில் குறையே தெரியாது. வாய்விட்டுப் படித்தால் மூன்றாவது ‘கொண்டிருந்த’ காதில் இடிக்கும். ‘வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். மழை விடவில்லை’ என்று மாற்றிவிட்டு மேலே போங்கள். ஒரு பக்கத்துக்கு நாலைந்து திருத்தம் போதும். பத்தியையே பிரித்துப்போட்டால் அரை மணி ஒன்றரை மணியாகிவிடும், புதிய பக்கம் பிறக்காது. படித்து முடிக்கும்போது கதையின் தொனி காதில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டோடு அடுத்த வாக்கியத்தைத் தொடுங்கள்.

அவர் வைத்திருந்த நாட்குறிப்பு எப்படிப்பட்டது? நானும் ஒன்று போடலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தாராளமாக. புது நாவல் தொடங்கும்போது, அதை முடிக்கக் குறித்த காலத்தை வாரம் வாரமாகப் பிரித்து ஒரு நாட்குறிப்பு தயாரிப்பார். ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் என்று மட்டும் எழுதுவார். எழுதாத நாள் வெறுமையாகவே நிற்கும், அது தன் முகத்தையே பார்க்கும் என்பார். சொற்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணாவிட்டால் பக்கம் என்பது ரப்பர் மாதிரி இழுபடும் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய 250-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்பது தமிழில் உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்வதால் சொல் எண்ணிக்கை குறையும். அவருடைய ஒரு பக்கத்துக்குத் தமிழில் 170 சொல் என்று வைத்துக்கொண்டால் நியாயமாக இருக்கும். புதிதாக எழுதுகிறவர் வாரத்துக்கு எட்டுப் பக்கத்தில் தொடங்கலாம். விட்டுப்போன நாளின் கணக்கை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். வாரக் கடைசியில் மொத்தத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் அடுத்த வார அளவை மாற்றுங்கள். திருத்தி எழுதியதைப் புதுப் பக்கமாகச் சேர்க்கவே வேண்டாம். நாட்குறிப்பு பொய் சொல்லத் தொடங்குவது அங்கேதான்.

தபால்துறை வேலைக்கும் எழுத்துக்கும் எப்படி ஒத்துப்போயிற்று?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சேலம்

1834-இல் லண்டனில் ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். முதல் ஏழு ஆண்டு நேரத்துக்கு வராதவர் என்ற கெட்டபெயர்தான். 1841-இல் அயர்லாந்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் ஆளே மாறினார். பின்னால் கிராமத் தபால் வழித்தடங்களைச் சீரமைக்க நாளுக்கு 40 மைல் வரை குதிரையில் போனார். எந்தக் கடிதக்காரர் எந்தச் சந்தில் திரும்புகிறார், எந்தப் பாதிரியார் வீட்டு வாசலில் நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. 1852-இல் ஜெர்சித் தீவில் சாலையோரத் தபால் பெட்டிகள் வைக்கப்பட்டது அவர் சொன்ன யோசனையால்தான். நாவல்களில் வரும் கற்பனை மாவட்டமான பார்செட்ஷையரின் சாலைகளும் ஊர்களும் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இந்தச் சவாரிகளே காரணம் என்பது எங்கள் கருத்து. அந்த மாவட்டத்துக்கு வரைபடமும் வரைந்து வைத்திருந்தார்.

ரயில் பயணம் அதிகமானபோது மடியில் வைத்து எழுத ஒரு சிறு பலகை செய்துகொண்டார். ஆடும் பெட்டியில் மை சரிப்படாது என்று பென்சிலால் எழுதினார், அதை மனைவி பிரதியெடுத்தார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது. 1858-இல் தபால் ஒப்பந்தத்துக்காக எகிப்துக்குக் கப்பலில் போகும்போது ‘டாக்டர் தார்ன்’ எழுதினார். கடல் கொந்தளித்தால் தாள்களை மேசையில் விட்டுவிட்டு வாந்தியெடுக்க ஓடுவார், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்வார். அது முடிந்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார்.

பொழுதுபோக்கு ஏதும் உண்டா?
– வாசகி, மதுரை

குதிரையேறி நரிவேட்டைக்குப் போவது. அயர்லாந்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். கனத்த உடம்பு, கிட்டப்பார்வை, ஆனாலும் விடவில்லை. நாவல்களிலும் வேட்டைக் காட்சியை வலியக் கொண்டுவந்து வைத்தார். மாலையில் லண்டனில் உள்ள காரிக் மன்றத்தில் விஸ்ட் என்ற சீட்டாட்டம். காலையிலேயே எழுத்து முடிந்துவிட்டதால் பகலும் மாலையும் குற்ற உணர்வில்லாமல் இவற்றுக்குக் கிடைத்தன.

எழுத்தில் சம்பாதித்தாரா?
– வாசகர், ஈரோடு

முதல் நாவலைத் தொடங்கியது 1843-இல். எழுத்தால் தான் ஈட்டிய முதல் பணம் என்று அவர் சொல்லும் காசோலை வந்தது 1855 முடிவில்: 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ். பென்ஸ்வரை அச்சில் வெளியிட்டார். கலைஞன் காசைப் பற்றிப் பேசலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள். எழுத்தைத் தொழிலாக மதிப்பவர்கள் அந்தப் பட்டியலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு பத்திரிகை தொடர்கதை கேட்டிருக்கிறது. ஐந்து அத்தியாயம் கையில் இருக்கிறது. தொடங்கலாமா?
– வாசகர், திருச்சி

முடிந்தால் முழுதும் எழுதிவிட்டுக் கொடுங்கள். கதையின் முடிவுக்கு ஏற்றபடி தொடக்கத்தைத் திருத்தும் அதிகாரம் எழுதுகிறவன் கையிலேயே இருக்க வேண்டும் என்பது ட்ரோலப்பின் விதி. முதல் அத்தியாயம் அச்சேறிவிட்டால் அந்த அதிகாரம் போய்விடும். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அண்ணனுக்குக் கால் ஊனம் என்று தேவைப்படும். முதல் அத்தியாயத்தில் அவன் மாடிப்படியில் ஓடி இறங்கியிருப்பான். முழுதும் எழுத இயலாவிட்டால் பாதியையாவது முடித்து, மீதிக்கு அத்தியாயத்துக்கு இரண்டு வரி குறிப்பும் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அவரே இந்த விதியை மீற வேண்டிவந்தது. ‘கார்ன்ஹில் மேகசின்’ 1860 ஜனவரியில் தொடங்கியபோது, 1,000 பவுண்டுக்கு ஒப்புக்கொண்ட ‘ஃப்ராம்லி பார்சனேஜ்’ நாவலை முடிக்காமலே அச்சுக்குக் கொடுத்தார். அந்தமுறை தப்பித்தார். கடைசிக் காலத்தில் கை பிடித்துக்கொண்டதால் அவர் சொல்லச் சொல்ல மனைவியின் உறவுப்பெண் எழுதினார். அப்படி எழுதப்பட்ட ‘தி லேண்ட்லீகர்ஸ்’ 1882 நவம்பரில் தொடராக வரத் தொடங்கியது. டிசம்பர் 6-ஆம் தேதி ட்ரோலப் இறந்தார். 60 அத்தியாயம் திட்டமிட்ட கதை 49-ஆவதோடு நின்றுவிட்டது.