அம்மாவையும் நடக்கக் கூட்டிட்டுப் போங்க – வாசகர் கடிதம்

ஐயா,
அப்பாவுக்கு 63 வயசு. அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாச்சு, இப்ப எக்கோல பம்பிங் 30 தான் காட்டுது, பாதி இதயம்கூட வேலை செய்யல. டாக்டர் நடக்கச் சொல்றார். ஆனா அப்பா வாசலுக்கு வரவே பயப்படறார், அம்மா பாத்ரூம்லகூட தாழ்ப்பாள் போட விடறதில்ல, தண்ணி டம்ளர்கூட கைலதான் கொடுக்கறாங்க. ட்ரெட்மில் வாங்கலாமா, இல்ல துடிப்பு காட்டற வாட்ச் கட்டிவிட்டா தைரியம் வருமா?
சுமதி

அன்புள்ள சுமதி,

வழக்கமா ரொம்ப லேட்டா பதில் போடற ஆளு நான், ஆனா உங்க அம்மா கொடுக்கற அந்தத் தண்ணி டம்ளர் என்னை உட்கார விடல. கொஞ்ச நாளாவே இதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு, ஒருத்தருக்கு ஹார்ட் வீக்னு சொன்ன உடனே வீடே சேர்ந்து அவர எப்படி கட்டில்ல கட்டிப்போடுதுன்னு.

(தாழ்ப்பாள் போடாதது சரிதான், அதுக்கு சண்டை வேண்டாம்.)

மொதல்ல அந்த 30. பாதி இதயம்கூட இல்லன்னு யாரும்மா சொன்னது? நல்ல இதயமே ஒரு துடிப்புக்கு உள்ள இருக்கற ரத்தத்துல 55லேர்ந்து 70 சதவீதம்தான் வெளிய தள்ளும், நூறு யாருக்குமே கிடையாது. அந்த நம்பர வெச்சு ஒருத்தர் எவ்வளவு தூரம் நடப்பார்னும் சொல்ல முடியாது. இத அப்பா காதுல விழற மாதிரி படிச்சுக் காட்டுங்க.

எங்க பெரியப்பா நாள் முழுக்க குழித்தறி மிதிச்சு நெசவு பண்ணினவர், கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும். 1980கள்ல அவருக்கு ஹார்ட் வீக்காகி கால்ல நீர் கோத்துக்கிச்சு. அந்தக் காலத்து டாக்டருங்களே ரெஸ்ட்னுதான் சொல்வாங்க, பெரியம்மா அத வேதவாக்கா எடுத்துகிட்டு சோத்த ஊட்டாத குறையா பாத்துக்கிட்டாங்க. நீர் வத்தினப்பறம் பாத்தா கால்ல சதையே இல்ல. எழுந்து நின்னாலே மூச்சு வாங்கும், உடனே பாத்தியா நெஞ்சு தாங்கலன்னு மறுபடி படுக்க வெப்பாங்க. பாதி மூச்சிறைப்பு அந்தக் காலோடதுன்னு சொல்ல ஆளில்ல. அவங்க வெச்ச பாசத்துல ஒரு குறையும் சொல்லமுடியாது, அதான் கொடுமை.

ட்ரெட்மில் வேண்டாம். 2009ல வந்த ஹெச்.எஃப் ஆக்‌ஷன்ங்கற பெரிய ஆய்வுல பம்பிங் 35ஓ அதுக்குக் கீழயோ இருந்த 2331 பேர எடுத்து, பாதிப் பேருக்கு எக்சர்சைஸ் கொடுத்தாங்க. சாவு பெருசா குறைஞ்சிடல, அத மறைக்கக்கூடாது, ஆனா பயந்த மாதிரி ஆபத்தும் வரல, வாழ்க்கை கொஞ்சம் தெம்பாச்சு. அவங்களுக்கு மெஷினும் துடிப்பு பாக்கற கருவியும் வீட்டுக்கே கொடுத்தாங்க, அப்படியும் பாதிக்கு மேல சொன்ன நேரம் செய்யல! வாட்ச்சும் அதே கதைதான், ஹார்ட் வீக் ஆனவங்களுக்கு வழக்கமா கொடுக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்ப அமுக்கி வெச்சிருக்கும், நம்பர் ஏமாத்தும். நடக்கும்போது முழுசா ஒரு வாக்கியம் பேச முடியுதான்னு பாருங்க, அதுபோதும்.

இப்ப அம்மா. 1985ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில அட்டாக் வந்து சில வாரமே ஆன 30 ஆம்பளைங்கள ட்ரெட்மில்ல நடக்க வெச்சாங்க. அவங்க மனைவிங்கள்ல பத்துப் பேர் அத பாக்கல, பத்துப் பேர் பாத்தாங்க, மீதிப் பத்துப் பேர் பாத்துட்டு தாங்களும் அதே வேகத்துல 3 நிமிஷம் நடந்தாங்க. நடந்தவங்களுக்குத்தான் என் புருஷனால முடியும்ங்கற நம்பிக்கை எகிறிச்சு, சும்மா பாத்தவங்களுக்கு ஒண்ணும் பெருசா மாறல. புரியுதா? நீங்க எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அம்மா கேக்கமாட்டாங்க, யூடியூப் வீடியோ காட்டினாலும் கேக்கமாட்டாங்க, அவங்க காலு நடந்து அவங்களுக்கே மூச்சு வாங்கி, பக்கத்துல அவர் நிக்கறத பாக்கணும். நீங்க அப்பாவுக்கு தைரியம் தேடறீங்க, அந்த வீட்ல பயத்த தினமும் டம்ளர்ல ஊத்திக் கொடுக்கறவங்கள விட்டுட்டீங்களே! அம்மாவ திட்டச் சொல்லல, பாவம், ராத்திரியெல்லாம் அவர் மூச்சு ஓடுதான்னு கேட்டுட்டு படுத்திருப்பாங்க. காலைல ரெண்டு பேரையும் தெருக்கோடி வரைக்கும் சேத்து அனுப்புங்க, நீங்க பின்னாடியே போகாதீங்க.

மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா, கால் வீங்கினா, படுத்தா மூச்சு முட்டினா, தலை சுத்தினா நடை வேண்டாம், உடனே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. நெஞ்சு வலின்னா ஃபோன்கூட வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. அடுத்த செக்கப்புல நடக்கலாமான்னு கேக்காதீங்க, அதுக்கு அவர் சரின்னு சொல்லிட்டு அடுத்த பேஷன்ட்ட கூப்பிட்டுடுவார். எத்தன நிமிஷத்துல ஆரம்பிக்கணும், வாரத்துக்கு எவ்வளவு ஏத்தணும்னு கேளுங்க. அப்ப அம்மா உள்ள இருக்கணும், பில்லு கட்டற லைன்ல நிக்க வெச்சிடாதீங்க.