பீன்ஸ் அரிந்த மேசை (வாசகர் கடிதமும் பதிலும்)

*அன்புள்ள அக்கா,*

*தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் முதியோர் மன்றம் நடத்துகிறோம். தொண்டர் குழுவுக்கு இரண்டு வருடமாக நான்தான் தலைவர். மொத்தம் ஒன்பது தொண்டர்கள், அவர்களிலும் ஆறு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். காலையிலேயே போய்ச் சமைக்கிறோம், பரிமாறுகிறோம், நடக்க முடியாதவர்களை வண்டியில் அழைத்து வருகிறோம். பிங்கோ வைத்தோம், நாற்காலி உடற்பயிற்சி வைத்தோம், மனக்கஷ்டம் பேச ஆள் வைத்தோம். அவர்களோ சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், இல்லையென்றால் குறை சொல்கிறார்கள். சோறு குழைந்துவிட்டது, ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, இப்படி. போன வருடம் ஒரு அம்மா விரலை வெட்டிக்கொண்டார். அதிலிருந்து கிச்சனுக்குள் தொண்டர்கள் தவிர யாரும் வரக்கூடாது என்று வைத்திருக்கிறோம். சட்டமும் அப்படித்தானே. 60 பேர் வந்த இடத்தில் இப்போது 35 பேர். எனக்கு அலுப்பாக இருக்கிறது. இளைஞர்களைக் கொண்டுவருவது எப்படி? தொண்டர்களுக்கு மாதம் ஏதாவது தொகை கொடுக்கலாமா? முதியவர்களுக்குத் தமிழ் வகுப்பு ஒன்று ஆரம்பித்தால் கூட்டம் திரும்ப வருமா?*

*(பெயர் வேண்டாம்)*

தம்பி,

உங்கள் கடிதம் பாதி ஆங்கிலத்தில் இருந்தது. முழுவதையும் தமிழாக்கிச் சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அது வந்த அன்று கிச்சன் இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு பழைய துணிச்சுருள். பிரித்தால் பெரியம்மாவின் கத்தி. மரப்பிடி பிளந்து செப்புக்கம்பி சுற்றியது. பின்வாசல் சிமெண்ட் படியில் தீட்டித் தீட்டி, அலகு பாதியாகத் தேய்ந்து மூன்றாம்பிறை மாதிரி ஆகிவிட்டது. கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைத் திறந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதல் இரண்டு கேள்வியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இளைஞர்கள் வரமாட்டார்கள், விடுங்கள். பாதிப்பேர் ஜோபர்க்கிலும் கேப்டவுனிலும் இருக்கிறார்கள், மீதிப்பேர் ஆஸ்திரேலியாவுக்கு விசா போட்டிருக்கிறார்கள். போட்டோவுக்காக வருகிற பையனையும் திட்டாதீர்கள். மூன்று வாரம் நாற்காலி தூக்கிப் போட்டானா, நன்றி சொல்லி அனுப்புங்கள். தொகை விஷயம்: டாக்சிக் காசும் பெட்ரோல் காசும் கொடுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள், அதற்குமேல் வேண்டாம். உங்கள் தொண்டர்களில் ஆறு பேர் அரசாங்க முதியோர் உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். போகவர அவர்கள் கைக்காசு கரைவது நியாயமில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். யார் எழுதினாலும் முதலில் வினைச்சொல்லைத்தான் பார்ப்பேன். உங்கள் கடிதத்தில் சமைக்கிறோம், பரிமாறுகிறோம், அழைத்து வருகிறோம், வைத்தோம், வைத்தோம், வைத்தோம். எல்லா வினையையும் நீங்களே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அந்த 60 பேருக்கு மிச்சம் வைத்தது இரண்டு. உட்கார்ந்திருக்கிறார்கள், குறை சொல்கிறார்கள். அப்புறம் எனக்கு அலுப்பாக இருக்கிறது என்றால் எப்படித் தம்பி? அலுக்காமல் என்ன செய்யும்?

இனி நீ போட்டுப் பேசுகிறேன், திட்ட வசதியாக இருக்கும்.

என் பெரியம்மா மேகசின் பேரக்ஸில் பிறந்தவள். டர்பன் மாநகராட்சிக்கு வேலை செய்த நம் ஜனங்களை அடைத்து வைத்திருந்த லைன் வீடுகள். அப்பா தெருக்கூட்டுகிறவர். 1960களில், இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கப்புறம் துணி ஃபேக்டரியில் 24 வருடம் சட்டைக் காலர் தைத்தாள். பெரியப்பா போன பிறகு எங்கள் பக்கத்து மன்றத்துக்கு வர ஆரம்பித்தாள். கைப்பையில் மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, துணியில் சுற்றிய இந்தக் கத்தி.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகர மேசை உண்டு. காலை எட்டு மணிக்கெல்லாம் ஏழெட்டுக் கிழவிகள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பீன்ஸ் கறி நாள் என்றால் மூட்டையை நடுவில் கொட்டுவார்கள். பெரியம்மா ஏழு பீன்ஸை ஒன்றாக அடுக்கி, காம்பை ஒரே வெட்டாக எடுத்துவிட்டு, சாய்த்து வைத்து அரிவாள். அரிந்தது தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். குறுக்கே வட்டமாக வெட்டினால் அவளுக்குப் பிடிக்காது, அது பன்றிக்குப் போடுகிற வெட்டு என்பாள். அரியும்போது பேச்சு நிற்காது. யார் செத்தார்கள், எந்தக் கோயிலில் இந்த ஆடிக்கு கூழ் நன்றாக இருந்தது, யார் வீட்டுப் பெண் எந்த ஊர்ப் பையனோடு போய்விட்டாள். இடையில் ஒருத்தி தெருக்கூத்துப் பாட்டை இழுப்பாள், இங்கே பொடிசுகள் அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்லிக் கேலி செய்யும்.

அந்த மேசையில்தான் ஒரு நாள், புதிதாக வந்திருந்த ஒரு அம்மா, தலையைத் தூக்காமல், "என் மவன் கார்டைப் புடுங்கி வச்சிக்கினான், பணம் எடுக்கப் போனா அடிக்கிறான்" என்றாள். யாரும் அரிவதை நிறுத்தவில்லை. "எத்தினி மாசமா?" என்று பெரியம்மா கேட்டாள், அதுவும் பீன்ஸைப் பார்த்துக்கொண்டேதான். நாலு மாதம் என்றாள். அன்று மத்தியானமே இரண்டு பேர் கூடப் போய் கார்டை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கையில் வேலை இருந்ததால் அவளால் சொல்ல முடிந்தது. நீ மனக்கஷ்டம் பேச ஆள் வைத்தேன் என்கிறாயே, எத்தனை பேர் அந்த ஆள்முன் போய் உட்கார்ந்தார்கள்? நாங்களும் வைத்தோம். மூலையில் இரண்டு நாற்காலி, நடுவில் டிஷ்யூ டப்பா. டிஷ்யூ கடைசிவரை தீரவில்லை.

நாங்கள் அந்த ஆளை வைத்ததுகூட மேசையை எடுத்த பிறகுதான். எடுத்தது யார் என்றால், நான்தான்.

2003. நான் அந்த மன்றத்தின் செயலாளர். ஒரு அம்மாவுக்குக் கத்தி நழுவி விரலில் வெட்டு. ரத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் கமிட்டியில் ஒருவர் இன்சூரன்ஸ் என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை. நான் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் அடித்து, லேமினேட் செய்து, கிச்சன் கதவில் ஒட்டினேன். பிறகு பின்பக்கம் போய், "பெரியம்மா, இத்தினி வருஷம் உழைச்சது போதும், இனிமே நீங்க ஹாயா உட்காருங்க" என்றேன். நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷத்தோடு சொன்னேன், அதுதான் இப்போதும் உறுத்துகிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைத் துணியில் துடைத்தாள். ஃபேக்டரியில் பழகிய பழக்கம், கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிங்கோ அட்டையைக் கையில் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிடுவாள். நாலாவது வாரம் கால் வலி என்று சொல்லி நின்றவள் திரும்ப வரவே இல்லை. நின்றவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஆறு மாதம் கழித்து வருகைப் பதிவைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. வந்துகொண்டிருந்தவர்களோ சோறு குழைந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தம்பி, சோறு உண்மையிலேயே குழைந்துதான் இருந்தது. ஐம்பது வருடம் டெக்சி என்கிற பெரிய பானை நிறையச் சோறு வடித்த ஏழெட்டுப் பேரை வெளியே உட்கார வைத்துவிட்டு, யூட்யூப் பார்த்துச் சமைத்தால் உன் சோறும் குழையும்.

சட்டமும் அப்படித்தானே என்று எழுதியிருக்கிறாய். எந்தச் சட்டம்? இந்த நாட்டில் முதியோருக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, 2006-இல் போட்டது, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஏழாவது பிரிவைப் படித்துப் பார். தன் விருப்பத்துக்கும் திறமைக்கும் தக்க எந்தப் பொறுப்பிலும் சமூக வாழ்க்கையில் பங்கெடுக்க முதியவருக்கு உரிமை உண்டு என்பதுதான் அங்கே முதல் வரி. எந்தப் பொறுப்பிலும். பரிமாறினால் சாப்பிடுகிற பொறுப்பு மட்டும் என்று போடவில்லை. இளையவர்களோடு சேர்ந்து நடக்கும் வேலைகளில் கலந்துகொள்ள, தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொள்ள, வருமானம் வரும் காரியங்களில் சேர, எல்லாம் அடுத்தடுத்து வருகிறது. அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பம் போட்டபோது அந்தச் சட்டத்தின் பெயரை நீயே நாலு தடவை எழுதியிருப்பாய்.

கிச்சன் சுத்தத்துக்குத் தனியே விதி இருக்கிறது, தெரியும். 2018-இல் புதிதாக வந்தது, பொறுப்பாளர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், கை கழுவ வேண்டும், தலைமுடி மூட வேண்டும். நல்ல விதிதான். நீ போய்ப் பயிற்சி எடு, அவர்களுக்கும் தொப்பி கொடு, அழகாகப் போட்டுக்கொள்வார்கள். விரல் வெட்டுப்பட்டால் அந்தக் காயை எறிந்துவிட்டு விரலுக்குப் பிளாஸ்டர் போடு. அடுப்புப் பக்கம் பயமாக இருந்தால் மேசையை மண்டபத்துக்குள் போடு. எண்பது வயதுக்காரி காய் அரியக்கூடாது என்பது உன் கமிட்டியின் பயம், அதற்குச் சட்டம் என்று பெயர் வைக்காதே.

அந்த ஒன்பது பேரை நீ நன்றாகவே வேலை வாங்குகிறாய், அது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் தலைமை என்பதை நீ எல்லா வேலையையும் முதல் ஆளாகப் போய்ச் செய்வது என்று வைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் 27-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோதுதான் புத்தி வந்தது. மண்டபம் பூட்டு. தொண்டர்களும் பாதிப்பேர் வயதானவர்கள், வெளியே போகக்கூடாது. கேட்டுக்கு வெளியே மளிகைப் பையை வைத்துவிட்டு வருவதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது. யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. அப்போது 81 வயது அம்மா ஒருவர், இடுப்பு முறிந்து கட்டிலோடு இருந்தவர், தானாகவே என்னைக் கூப்பிட்டு நம்பர்களைக் கேட்டார். தினம் காலை முப்பது பேருக்குப் போன் போட்டார். பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்து எழுதி வைத்திருந்தார், பிறகு பார்த்தேன். ஒரு பெயருக்கு நேரே "குரல் சரியில்லை". இன்னொன்றில் "சாப்பிட்டேன்னு சொல்றா, பொய்". அந்தப் பொய் என்ற ஒரு சொல்லைப் பார்த்து நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். இரண்டு நாளாக அடுப்பு பற்ற வைக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருத்தருக்கும் போனில் குரலைக் கேட்டு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அந்த அம்மாவுக்கு ஊரடங்குக்கு முன்னால் நாங்கள் கொடுத்திருந்த வேலை, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் அவருக்கு சூப் கொடுப்பது. அதாவது எங்களுக்கு வேலை.

தமிழ் வகுப்பு கேட்டாய் அல்லவா. அவர்களுக்கு வகுப்பா? தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு பாடுகிறது நம் தலைமுறை. என் தலைமுறையே அப்படி, உன்னுடையதைக் கேட்க வேண்டாம். முருங்கையைப் பார்த்தாலும் தண்டுக்கீரையைப் பார்த்தாலும் ஹெர்ப்ஸ் என்கிற பேரப்பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு கீரைக்கும் பெயர் தெரிந்தவர்கள் உன் மண்டபத்தில் 35 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 1996 அரசியல் சட்டத்தில் வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகள் என்று தமிழின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பேசுகிறவர்களிடம் பிங்கோ அட்டையைக் கொடுத்திருக்கிறோம். இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே தொடங்கினால் ராத்திரி ஆகிவிடும்.

பெரியம்மா 2009-இல் போனாள். போவதற்கு ஒரு வருடம் முன்னால் மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. டீ போட்டாள், ரஸ்க் வைத்தாள், என் பெண்ணின் படிப்பை விசாரித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "இப்ப யாரு பீன்ஸ் அரியறது?" என்றாள். அரிந்ததே பையில் வருகிறது, ஐஸ் வைத்தது என்றேன். "குறுக்கேயா?" என்றாள். ஆமாம் என்றேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

வருகிற வியாழக்கிழமை உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன் தம்பி. கத்தியைத் தீட்டி எடுத்து வருகிறேன். காலை எட்டு மணிக்கு மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு ஐந்து கிலோ பீன்ஸ் வாங்கி வையுங்கள். அரிந்து வைத்துவிடாதீர்கள். வராமல் நின்றுபோன அந்த 25 பேரின் வீட்டுக்கு நாளையே ஆள் அனுப்பி, ஆள் போதவில்லை, காய் அரிய வரவேண்டும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா