வேப் கருவிக்கு 9900 எம்ஏஎச் பேட்டரி வாங்கலாமா? பாதுகாப்பாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேட்டவரிடம் இருப்பது 80 வாட் வரை போகக்கூடிய, ஒற்றை 18650 பேட்டரி போடும் வேப் கருவி, அதாவது மின்-சிகரெட். பழைய பேட்டரி அரை நாள்கூடத் தாங்கவில்லை என்பதால், 9900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) என்று அச்சிட்ட ஒன்றை வாங்கினால் சிக்கல் தீருமா என்று கேட்டிருக்கிறார். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அந்த எண் பொய். உறையிலேயே பொய் சொல்லும் பேட்டரி, உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தும் கருவிக்குள் போகக் கூடாது.

18650 என்பது அளவைக் குறிக்கும் பெயர்: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. இந்தச் சிறு உருளைக்குள் முன்னணித் தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து அடைத்திருப்பது, பரவலாகக் கிடைக்கும் செல்களில் (இங்கே செல் என்றாலும் பேட்டரி என்றாலும் ஒன்றுதான்), ஏறத்தாழ 3500 எம்ஏஎச்தான். 9900 என்று போட்ட ஒரு செல்லை நான் ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தரமான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். இது 29 கிராம் காட்டியது. கொள்ளளவை அளக்கும் சார்ஜரில் போட்டபோது 800 எம்ஏஎச்சைக்கூடத் தொடவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியது, ஆனால் லித்தியம் செல்லை அறுப்பது தீயோடு விளையாடுவது என்பதால் விட்டுவிட்டேன்.

சரி, கொள்ளளவு உண்மையாகவே அதிகமாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் செல் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் தரும் என்பதைத்தான். பானாசோனிக்கின் என்சிஆர்18650பி நல்ல தயாரிப்பு, கொள்ளளவும் 3400 எம்ஏஎச்சை ஒட்டியது. ஆனால் அதன் தொடர் மின்னோட்ட வரம்பு 7 ஆம்பியருக்கும் குறைவு. டார்ச் விளக்குக்கு அது அருமையான செல், உங்கள் கருவிக்கு ஆபத்தான செல். பொதுவாக, ஒரே அளவுள்ள உருளையில் கொள்ளளவைக் கூட்டினால் ஆம்பியர் குறையும்; இரண்டையும் உச்சத்தில் தருவதாகச் சொல்லும் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

உங்களுக்கு எத்தனை ஆம்பியர் தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். வாட் அளவைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று உள்ள கருவிகளில், பேட்டரி தீரத் தீர அதன் வோல்ட் இறங்கும். அதே 80 வாட்டைத் தருவதற்காக மின்சுற்று முன்பைவிட அதிக மின்னோட்டத்தை உறிஞ்சும். ஆகவே நிறைந்த பேட்டரியின் 4.2 வோல்ட்டை வைத்துக் கணக்கிடாமல், கடைசிக் கட்டத்தின் 3.2 வோல்ட்டை வைத்துக் கணக்கிட வேண்டும். 80-ஐ 3.2-ஆல் வகுத்தால் 25. மின்சுற்றில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டு 0.9-ஆல் மீண்டும் வகுத்தால் ஏறத்தாழ 28 ஆம்பியர். 20 ஆம்பியர் வரம்புள்ள செல்லிடம் 28 கேட்பது, ஒவ்வொரு இழுப்பிலும் அதை வரம்புக்கு வெளியே தள்ளுவதாகும். 50 வாட்டோடு நிறுத்திக்கொண்டால் 17 ஆம்பியர் சொச்சம்தான் தேவைப்படும். இரண்டு பேட்டரி போடும் கருவியாக இருந்தால் சுமை பாதியாகிவிடும். அதே 80 வாட்டுக்கு ஒவ்வொன்றும் 14 ஆம்பியர் தந்தால் போதும். (மின்சுற்றே இல்லாத மெக்கானிக்கல் கருவிகள் வேறு வகை. அவற்றில் 0.1 ஓம் தடையுள்ள சூடேற்றும் கம்பிச்சுருள் 42 ஆம்பியரை இழுக்கும், தடுப்பதற்கு எதுவும் கிடையாது. புதிதாக வருபவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.)

பெயர் சொல்லிக் கேட்டால், நான் நம்புபவை சாம்சங் 25ஆர் (2500 எம்ஏஎச், 20 ஆம்பியர்), எல்ஜி எச்ஜி2 (3000 எம்ஏஎச், 20 ஆம்பியர்), சோனி விடிசி5ஏ (2600 எம்ஏஎச், 25 ஆம்பியர்), மோலிசெல் பி26ஏ, பி28ஏ ஆகியவை. சோனியின் பேட்டரிப் பிரிவை 2017-இல் முராட்டா நிறுவனம் வாங்கிவிட்டதால் விடிசி வரிசை இப்போது அந்தப் பெயரில் வருகிறது. விவரத்தாள்களில் 30, 35 ஆம்பியர் என்ற எண்களைக் கண்டால் பக்கத்தில் உள்ள நிபந்தனையையும் படியுங்கள். செல் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கக்கூடும். பெரும்பாலான வேப் கருவிகளில் செல்லின் சூட்டை அளக்கும் வசதி இல்லை என்பதால், அந்த எண்ணை நம்பி வாட்டை ஏற்றாதீர்கள். இவற்றைத் தயாரிக்கும் பெரு நிறுவனங்கள், தங்கள் செல்களைத் தனியாக எடுத்து மின்-சிகரெட்டில் பயன்படுத்தக் கூடாது என்றே எச்சரிக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதுகாப்பு மின்சுற்றோடு கூடிய பேட்டரித் தொகுப்புகளுக்காகவே அவை இவற்றைத் தயாரிக்கின்றன. அந்த எச்சரிக்கையைத் தெரிந்துகொண்டே நாம் பயன்படுத்துகிறோம் என்பதால்தான் வரம்புக்குக் கீழே நிற்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அடுத்தது உறை. பலர் கவனிக்காதது இதைத்தான். மேலே உள்ள சிறு தொப்பி மட்டுமே நேர்முனை. உருளையின் உடல் முழுவதும், தொப்பியைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட, எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காப்பு வளையமும், காகிதத்தைப் போல மெலிந்த பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. என்னுடைய கருவி ஒன்றில் பேட்டரியைத் தள்ளிச் செருகுவதற்கு இறுக்கமாக இருக்கும். ஒருநாள் பயன்படுத்தாமல் மேசைமேல் வைத்திருந்தபோதே கருவி வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், மேல் விளிம்பில் நகக்கீறல் அளவு உறை கிழிந்து, வெள்ளி நிறத்தில் உலோகம் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்காமல் நான் செல்லைச் செருகுவதில்லை. கிழிந்த உறையை மாற்றச் சூட்டில் சுருங்கும் உறைகள் தனியாகக் கிடைக்கின்றன. காப்பு வளையத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். உடலில் நசுங்கல் இருந்தால் உறை மாற்றிப் பயனில்லை, அந்தச் செல்லையே ஒதுக்கிவிடுங்கள்.

உலோகம் பட்டால் இரண்டு முனைகளும் இணைந்துவிடும் என்பதால், உதிரி பேட்டரியைச் சாவியும் சில்லறையும் உள்ள பையில் போடக் கூடாது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்திகளில் வந்த 195 மின்-சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது; அவற்றில் 61 நிகழ்வுகளில் கருவியோ உதிரி பேட்டரியோ சட்டை, கால்சட்டைப் பையில் இருந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவிட்டால் இந்த அபாயத்தைப் பெருமளவு தவிர்த்துவிடலாம்.

நெடுநாள் உழைப்பது தேர்வைப் போலவே பராமரிப்பையும் பொறுத்தது. செல்லை அதிகம் கெடுப்பவை சூடும், நிறைந்த நிலையில் நாள்கணக்காக வைத்திருப்பதும். தனி சார்ஜரில் 1 ஆம்பியர் வேகத்தில், நீங்கள் விழித்திருக்கும்போது ஏற்றுங்கள். சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 3.7 வோல்ட்டை ஒட்டி வைத்துவிடுங்கள். இரண்டு பேட்டரிக் கருவிக்கு ஒரே நாளில் ஒரே வகைச் செல்களை வாங்கி, எண் எழுதி, என்றும் சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே ஏற்றுங்கள். புதியதையும் பழையதையும் கலந்தால் வலுக்குறைந்தது வரம்பைத் தாண்டித் தீர்ந்துபோகும். மறந்துபோய் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்ட செல்லுக்கு உயிர் கொடுக்க முயலாதீர்கள். அந்த நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம், மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கலாம்.

முறையாகப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 300 முறை ஏற்றலாம். அதன் பிறகு, முன்பு இல்லாத அளவுக்குச் சூடானாலோ, ஏற்றி எடுத்துவைத்த மறுநாளே வோல்ட் கணிசமாக இறங்கியிருந்தாலோ, இரண்டு முனைகளிலும் ஒட்டுநாடாவை ஒட்டி, குப்பைத்தொட்டியில் போடாமல், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.