மேயர் நாற்காலியும் கால்பந்துச் சம்மேளனமும்

கேள்வி: பழைய யுகோஸ்லாவியாவில் மேயர்களும் கட்சிப் பிரமுகர்களுமே கால்பந்து நிர்வாகத்திலும் கோலோச்சினார்களாமே, விளையாட்டு தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமா?

பதில்: பஞ்சமே இல்லை. ஆனால் நாம் மேயர் என்று சொல்லும் நகர சபைத் தலைவர் பதவி, மக்கள் நேரடியாக வாக்களித்து நிரப்பியதன்று. கட்சியின் ஒப்புதலே அதைத் தீர்மானித்தது. எனெர்கோஇன்வெஸ்ட் என்ற பெருநிறுவனத்தை உருவாக்கிய எமெரிக் புளூம், ஏறத்தாழ எழுபது வயதில் பொஸ்னியத் தலைநகரான சரயேவோவின் மேயரானார். நிர்வாகத் திறமையும் கட்சியின் நம்பிக்கையும் உள்ளவரை ஆலைக்கோ நகரத்துக்கோ விளையாட்டு அமைப்புக்கோ அனுப்பலாம் என்பதே அன்றைய கணக்கு.

நகரத்தின் பெருமையில் கால்பந்துக்கும் பங்கு இருந்தது. 1974 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாட்டின் தலைநகரான பெல்கிரேடின் மேயராக இருந்த பிராங்கோ பெஷிச்சின் காலத்தில்தான், 1970இல், கசேலா பாலமும் தெராசியே சுரங்கப்பாதையும் திறக்கப்பட்டன. அவர் பதவியில் இருந்தபோதே, 1973இல், நாடுகளின் சாம்பியன் கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் அந்நகரின் ரெட் ஸ்டார் மைதானத்தில் நடைபெற்று, அயாக்ஸ் அணி யுவெண்டஸை 1-0 என வென்றது.

அரசியல் கை கால்பந்தில் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு, கட்சி அரசியலிலிருந்து யுகோஸ்லாவியக் கால்பந்துச் சம்மேளனத் தலைமைக்கு வந்த ஸ்லாவ்கோ ஷைபர் சரியான உதாரணம். 1985-86 லீக் பருவத்தின் கடைசிச் சுற்றில் பெல்கிரேடின் இரு கழகங்களான பார்ட்டிசானும் ரெட் ஸ்டாரும் தத்தம் ஆட்டங்களை 4-0 என்றே வென்றன (இந்தப் பொருத்தம் யார் புருவத்தையும் உயர்த்தும்). கோல் வித்தியாசத்தில் பட்டம் பார்ட்டிசானுக்குப் போயிற்று. ஆட்டங்கள் பேரம் பேசப்பட்டவை என்ற சந்தேகத்தில், ஷைபர் தலைமையிலான சம்மேளனம் அந்தச் சுற்று முழுவதையும் ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. பார்ட்டிசான் மறுத்தது, பட்டம் ரெட் ஸ்டாருக்குக் கைமாறியது. தண்டனையாகப் பத்துக் கழகங்கள் அடுத்த பருவத்தை ஆறு புள்ளிகள் குறைவாகத் தொடங்க நேர்ந்தது.

சந்தேகம் நியாயமானதே என்றாலும், அதை நிரூபிக்கும் முன்பே தண்டித்தது நிர்வாகியின் செயலாக எனக்குத் தோன்றவில்லை; உத்தரவிட்டே பழகியவரின் செயல் அது. நீதிமன்றங்களும் அந்த முடிவுகளை ரத்து செய்தன. 1985-86, 1986-87 ஆகிய இரண்டு பருவங்களின் பட்டங்களும் பார்ட்டிசானுக்கே வந்து சேர்ந்தன. அதற்குள் முதல் பட்டத்துக்கு உரிய ஐரோப்பியக் கோப்பை வாய்ப்பில் ரெட் ஸ்டார் ஆடி முடித்திருந்தது. அடுத்ததற்கு, புள்ளி குறைக்கப்படாததால் முதலிடம் பெற்றிருந்த ஸ்கோப்யே நகரின் வார்தர் கழகம் போய், போர்ச்சுகலின் போர்ட்டோவிடம் தோற்றுத் திரும்பியது.