செயற்கை நுண்ணறிவும் அதிகாரக் குவிப்பும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

செயற்கை நுண்ணறிவு சில நிறுவனங்களின் கையில் குவிவதைப் பற்றித் தொடர்ந்து கவலையோடு எழுதுகிறீர்கள். நான் பெங்களூரு கோரமங்களாவில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகள் தொலைபேசியில் தமிழில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சேவையை, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மொழி மாதிரியை (கேள்விக்கு எழுத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை)க் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி நடத்துகிறோம். அவர்கள் பெரிய நிறுவனமாக இருப்பதால்தான் எங்களால் இது முடிகிறது. மேலும், ஆபத்தான தொழில்நுட்பம் என்றால் அது பலரிடம் பரவுவதைவிடப் பொறுப்புள்ள சிலரிடம் இருப்பதுதானே நல்லது? அணுசக்தியை அப்படித்தானே வைத்திருக்கிறோம்? இல்லை என்றால் எங்களைப் போன்ற சிறியவர்கள் என்னதான் செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன்கள் எனும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. கட்டணமும் டோக்கன் கணக்கில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வெளியானபோது, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே பழைய வெட்டும் முறையோடு புதியதை ஒப்பிட்டு வெளியிட்டது. ஒரே அறிமுக வாசகம் ஆங்கிலத்தில் 27 டோக்கன்களிலிருந்து 24 ஆகவும், தமிழில் 116 டோக்கன்களிலிருந்து 35 ஆகவும் குறைந்திருந்தது. அதாவது, அதுவரை அந்த வாசகத்தைத் தமிழில் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் எழுதியவரைப்போல நான்கு மடங்குக்கும் மேல் டோக்கன் செலவாகியிருக்கிறது. மாற்றம் நல்லது, அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பழைய கணக்கை வகுத்தபோதும் சரி, புதிய கணக்கை வகுத்தபோதும் சரி, தமிழ் பேசும் எவரையும் கேட்டாக வேண்டிய கட்டாயம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. நாளை அது வேறு விதமாக மாறினால், கிருஷ்ணகிரி விவசாயி முறையிடுவதற்கென்று ஓர் இடமும் இல்லை. பெரிய நிறுவனங்கள் தீயவை என்பது என் வாதம் அல்ல. அவர்கள் செய்யும் நன்மையும்கூட அவர்கள் விருப்பத்தை மட்டுமே நம்பி நிற்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தக் குவிப்பு மாதிரிகளோடு நிற்பதில்லை. மாதிரிகளை இயக்கும் மிக நுண்ணிய கணினிச் சிப்புகளை அச்சிடத் தேவையான அதிதீவிரப் புற ஊதா ஒளி (EUV) இயந்திரங்களை உலகிலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டும்தான் செய்கிறது. அவற்றைக் கொண்டு சிப்புகளைத் தயாரிப்பதில் தைவானின் டி.எஸ்.எம்.சி.யும், செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகளை வடிவமைப்பதில் என்விடியாவும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அந்தச் சிப்புகளை அடுக்கி வாடகைக்கு விடும் கிளவுட் தொழிலில் பெரும்பங்கு அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றுக்கும் போகிறது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் தன் மாதிரியை எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தபோது இந்தக் கோட்டை இடிந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். மாதிரிகள் என்ற மேல்தளத்தில் விரிசல் விழுந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தியதும் என்விடியா சிப்புகளைத்தான்.

அணுசக்தி ஒப்பீட்டுக்கு வருகிறேன். 1957 முதல் சர்வதேச அணுசக்தி முகமை இயங்குகிறது. நம் கூடங்குளம் உலைகளைப் பார்வையிட அதன் ஆய்வாளர்களுக்கு உரிமை உண்டு. சிலர் கையில் இருப்பது அங்கே ஓரளவாவது பொறுக்கத்தக்கதாக இருப்பதற்கு, வெளியாள் ஒருவர் உள்ளே வந்து பார்க்க முடிகிறது என்பதே காரணம். செயற்கை நுண்ணறிவில் அப்படி ஓர் உலக அமைப்பு இல்லை. நிறுவனங்கள் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் கடிவாளம் போதுமா என்பதற்கு 2023 நவம்பரில் விடை கிடைத்தது. லாப நோக்கமற்ற அமைப்பாக 2015இல் தொடங்கிய ஓப்பன்ஏஐயின் இயக்குநர் குழு, தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மனை நீக்கியது. பெரும்பாலான ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். முதலீடு செய்திருந்த மைக்ரோசாஃப்ட் அவர்களுக்கு வேலை தரத் தயாராக நின்றது. ஐந்தே நாளில் அவர் திரும்பி வந்தார், குழுவில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். யார் பக்கம் நியாயம் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கடிவாளம் இழுக்கப்பட்ட முதல் தடவையே அறுந்தது என்பது போதும்.

அரசே நடத்தினால் தீருமா என்றால், அதிலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. யு.பி.ஐ. நமக்குப் பொதுச்சொத்தாகக் கிடைத்தது. ஆனால் அதன் மேல் நடக்கும் பரிமாற்றங்களில் முக்கால் பங்குக்கும் மேல் ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகப் போகிறது. எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020இல் அறிவித்த வரம்பை நடைமுறைப்படுத்தும் கெடு 2026 இறுதி வரை தள்ளிப்போனது. குவிந்த பிறகு கலைப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் கண்ணெதிரே பார்க்கிறோம். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய இந்தியாஏஐ திட்டம் சிறு நிறுவனங்களுக்குச் சலுகை விலையில் கணினித் திறன் தருவது நல்ல தொடக்கம். அந்தப் பணத்தில் உருவாகும் மாதிரிகளும் தமிழ்த் தரவுகளும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை இப்போதே, தொடக்கத்திலேயே, நாம் கேட்டாக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது சிறிதல்ல. விவசாயிகள் உண்மையில் கேட்கும் கேள்விகளில், அவர்கள் அனுமதியோடு, பெயர் நீக்கி, சில நூறைச் சரியான விடைகளோடு உங்களிடமே தொகுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றை நீங்கள் பணம் கட்டும் மாதிரியிடமும், திறந்த மாதிரி ஒன்றிடமும் கொடுத்துப் பாருங்கள். தரம் எப்போது சரிகிறது, மாறிப்போக எவ்வளவு செலவாகும் என்ற இரண்டும் கையில் இருந்தால், அடுத்த ஒப்பந்தத்தின்போது மாதிரியின் பழைய பதிப்பை நிறுத்துவதற்கு முன் எத்தனை மாத அவகாசம் தருவீர்கள் என்று அவர்களிடம் தைரியமாகக் கேட்கலாம்.

அன்புடன்.